காலில் சிவப்புப் பொட்டு

அன்புள்ள மேஸ்திரி அம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நானும் நானூற்றுச் சொச்சம் காடைகளும் உயிரோடு இருக்கிறோம். நீயும் மகளும் பேரனும் சுகந்தானே? பேரனுக்குப் பல் முளைத்துவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். நீதான் போனை எடுப்பதே இல்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

நீ மகள் வீட்டுக்குப் போன பிறகு விட்ட இந்தத் தடவைக் காடைகள் சரியாக வளரவில்லை. ஐந்து வாரம் முடிந்து நிறுத்துப் பார்த்தேன். உன் கணக்குப்படி கூண்டுக்குப் பன்னிரண்டு விட்டவற்றில் எல்லாம் ஒரே சீராக இருநூறு கிராமைத் தொட்டிருக்கின்றன. என் கணக்குப்படி முப்பது விட்டவற்றில் கூண்டுக்கு நாலைந்து மட்டும் கொழுகொழு, மற்றதெல்லாம் நோஞ்சான். தீனியை மாற்றினேன். தண்ணீர்க் குழாயைக் கழுவினேன். தராசின் மேலேயே சந்தேகப்பட்டு ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தேன். தராசு யோக்கியமாகத்தான் இருக்கிறது.

நம் முதல் குஞ்சுகள் நினைவிருக்கிறதா? கொட்டகை வேலை முடியாததால் படுக்கையறையில் பல்பு கட்டி அவற்றை விட்டுவிட்டு, நாம் அடுப்படியில் பாய் விரித்தோம். கால் நீட்டினால் சிலிண்டர் இடிக்கும். "புருஷன் வீட்டுல எனக்குக் கிடைச்ச மரியாதையப் பாரு, காடைக்குப் படுக்கையறை, எனக்கு சிலிண்டர்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! கூண்டுக்குப் பன்னிரண்டு போதும் என்று அப்போதே சொன்னாய். நான் வீம்புக்குப் பாதிக் கூண்டுகளில் முப்பது விட்டேன். வளர்ந்தன. பதினெட்டு வருடமாக வளர்ந்தன. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

நேற்று தீனிக்காரர் வந்தார். நோஞ்சான்களைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இந்த வாட்டி ஒண்ணு கால்லயும் சிவப்புப் பொட்டக் காணோமே?" என்றார். பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார். நான் தீனித் தட்டுக் கழுவப் போனதும், நீ என் கூண்டில் இளைத்துக் கிடப்பதைப் பிடித்து, அடையாளத்துக்குக் காலில் நெயில் பாலிஷ் தொட்டு, உன் கூண்டில் விட்டுத் தேற்றுவாயாம். அதற்குப் பதிலாக உன்னுடைய கொழுத்த ஒன்றை என் கூண்டில் விடுவாயாம். "அவருகிட்ட சொல்லிடாதீங்க, பெருமை பேசிட்டுத் திரியறாரு, திரியட்டும்" என்றாயாம்.

நானோ அந்தப் பொட்டுகளைப் பார்த்து, காடைக்குக்கூட அலங்காரமா என்று உன்னைக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

மகள் உன்னை அங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள், என்ன செய்யட்டும் என்று நீ கேட்டபோது, "நீ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, காடை வளரத்தான் போகுது" என்றேன். அதன் பிறகுதான் நீ போனை எடுப்பதை நிறுத்தினாய். எடுக்காதது நியாயம். நான் சொன்னதுதான் தப்பு. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை எல்லாக் கூண்டிலும் பன்னிரண்டாகக் குறைத்துவிட்டேன். மிஞ்சியவற்றுக்குக் கூண்டு போதாமல் பழையபடி படுக்கையறையில் விட்டிருக்கிறேன். என் பாய் அடுப்படியில்.

மகளும் மாப்பிள்ளையும் பேரனும் நூறாண்டு நன்றாக இருக்கட்டும். முடிவு உன்னுடையது, நான் வற்புறுத்த மாட்டேன். சிலிண்டரை மட்டும் வெளியே தள்ளி வைத்துவிட்டேன். இப்போது இரண்டு பேர் தாராளமாகக் கால் நீட்டலாம்.

இப்படிக்கு,
பீற்றிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லாத
உன் வீட்டுக்காரன்