அளவு நோட்டில் என் உயரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் இடுப்பு வலி தேவலையா? தையல் மெஷினில் தொடர்ந்து உட்காராதீர்கள். நான் நலம், ஒரு பல்லைத் தவிர.

பதறாதீர்கள். போன வாரம் விடுதிப் படியில் தடுக்கி விழுந்து, மேல் முன்பல் ஒன்று வேரோடு போய்விட்டது. "புத்தகத்துல கண்ண வச்சிக்கிட்டு படி இறங்கினா பல்லா மிஞ்சும்?" என்று திட்டிக்கொண்டே வார்டன் அக்கா பல் மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

தாடை எலும்பில் திருகாணி போல ஒன்றைப் பதித்து, அதன்மேல் புதுப் பல் வைப்பார்களாம். மெல்லியதும் தடித்ததுமாக இரண்டை மருத்துவர் என் உள்ளங்கையில் வைத்தார். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"எது பொருந்தும்னு அப்புறம் பாக்கலாம்மா. நீ இன்னும் வளர்றியா? தாடை வளந்தா இது அதோட சேந்து வளராது, மத்த பல்லு கீழ இறங்க இது மட்டும் மேலேயே நின்னுடும். அப்படின்னா இப்போதைக்குக் கழட்டி மாட்டுற பல்லுதான்" என்றார்.

அதனால் அளவு நோட்டைப் பார்த்து, என் சீருடைக்காக நீங்கள் குறித்த கடைசி மூன்று வருட உயரத்தை எழுதி அனுப்புங்கள். வளர்ந்துகொண்டிருந்தால் கழற்றி மாட்டும் பல். நின்றுவிட்டால் எலும்பில் துளை. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை, அப்பா.

துளைதான் என்றால் அன்றைக்கு வருவீர்களா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும். எனக்குப் பயமே இல்லை என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்