ஒரே புத்தகத்தில் இரண்டு அடையாளம்

மார்ச் 3, செவ்வாய்

துப்பறியும் நாவல் முடிந்தது. முந்நூற்றுப் பத்துப் பக்கம், நான்கே நாள். கொலையாளி யாரென்று நூறாவது பக்கத்திலேயே போட்டு உடைத்துவிட்டு, மீதி இருநூறு பக்கமும் நம்மைக் கட்டிப்போட்டு வைக்கிற துணிச்சல் இருக்கிறதே, அதற்கு ஒரு கும்பிடு. அவள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நான் தவியாய்த் தவித்தேன். ஒரு ஈ எறும்பைக்கூட அடிக்காத என்னைக் கொலைக்கு உடந்தையாக்கிவிட்டார் அந்த மனிதர்!

என் வீட்டுக்காரருடைய உப்புத்தாள் அடையாளம் இன்னும் 140-ஆம் பக்கத்தில் நிற்கிறது. எங்கள் வீட்டில் புத்தகம் எப்போதும் ஒன்றுதான், அடையாளம் இரண்டு. எனக்கு ரொட்டி உறையிலிருந்து வெட்டிய பட்டை, இவருக்கு உப்புத்தாள் துண்டு. நான் பேக்கரியில் ரொட்டி அடுக்கிவிட்டு மதியம் ஒரு மணிக்கு வீடு வருவேன். ஹோட்டல் குழாய்களைப் பழுதுபார்க்க இவர் இரண்டு மணிக்குக் கிளம்புவார். ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டு, குடும்ப விஷயம் பேசி, இலக்கியமும் பேச முடியுமா? அதனால் புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்வோம். 'ஆஹா.' 'புளுகு.' 'இந்த ஆசிரியர் ஒரு குழாயைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.' பதினெட்டு வருஷமாக எங்கள் குடித்தனத்தில் பாதி அந்த ஓரங்களில்தான் நடக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

பனிப்பிரதேசத்தில் தனியாக ஒரு குளிர்காலத்தைக் கழித்த பெண்ணின் பயண நூல். ஓரிடத்தில் ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு எட்டுப் பக்கம் தேடுகிறாள். அவள் கரடியைப் பார்த்தது, ஏரி உறைந்தது எல்லாம் எனக்கு மங்கிவிட்டது. அந்த எட்டுப் பக்கம் மட்டும் விரல் நுனியில் சில்லென்று நிற்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படித்தேன் என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவர் எனக்கு முன்பே முடித்துவிட்டார். ஆனால் ஓரத்தில் ஒரு சொல்கூட இல்லை. கையுறை தொலைகிற இடத்திலுமா? போன வாரம் தலைவலி என்று இரண்டு நாள் லீவில் இருந்தார். அந்த அசதியாக இருக்கும். இன்று இன்னொரு கோப்பையையும் தட்டிவிட்டு உடைத்தார்.

மார்ச் 11, புதன்

காளான்களைப் பற்றி ஒரு நூல். மண்ணுக்கடியில் வேருக்கும் காளானுக்கும் இத்தனை கொடுக்கல் வாங்கலா! எங்கள் வீட்டைவிட அங்கே பேச்சு அதிகம்.

மார்ச் 22, ஞாயிறு

நான் செய்தது அற்பத்தனம்தான். எழுதிவிடுகிறேன்.

மூன்று வாரமாக உப்புத்தாள் தினமும் முப்பது பக்கம் நகர்கிறது. பென்சில் நகரவில்லை. சந்தேகம் வந்துவிட்டது. புதிதாக வாங்கிய பேய்க்கதைத் தொகுப்பின் மேலுறையைக் கழற்றி, காளான் நூலுக்குப் போட்டு மேசையில் வைத்தேன். நல்லவேளை, அது படமில்லாத புத்தகம். மூன்றே நாளில் உப்புத்தாள் 92-க்கு வந்துவிட்டது.

"பேய் எப்படி?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கிளம்பிப் போன பிறகு அந்தச் சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

மார்ச் 24, செவ்வாய்

கேட்டுவிட்டேன். "எதுக்கு என்கிட்ட நடிக்கிறீங்க? பிடிக்கலைன்னா சொல்ல வேண்டியதுதானே?"

"களைப்பா இருக்கு, விடு" என்றார். அவ்வளவுதான் பதில்.

களைப்பாம்! ஃப்ரிட்ஜ் கதவில் அவர் கைப்பட எழுதிய சீட்டு தொங்குகிறது: சோப்பு, பல்பு, குழாய் டேப். முத்து முத்தான கையெழுத்து. ஒரு பிசிறு கிடையாது. எழுத முடிகிறது, படிக்க மட்டும் மனம் வரவில்லை. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்பதை ஒரு மனிதர் இதைவிட எப்படித்தான் சொல்வார்?

நானும் பேசப் போவதில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

பாலம் கட்டும் பொறியாளர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. தான் கட்டிய முதல் பாலம் இடிந்து விழுந்ததை முதல் அத்தியாயத்திலேயே ஒளிக்காமல் வைத்திருக்கிறார். எப்பேர்ப்பட்ட நெஞ்சுரம்! ஓரத்தில் 'ஆஹா' என்று எழுதப் போனேன். யார் பார்க்க? பென்சிலை வைத்துவிட்டேன்.

பட்டை ஒன்றுதான் இருக்கிறது இந்தப் புத்தகத்தில். இவ்வளவு நல்ல புத்தகம் இவ்வளவு சப்பென்று இருந்ததில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

தெருமுனைக் கடைக்காரர் இன்று என்னை நிறுத்தினார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. அண்ணனுக்குக் கண்ணாடி மாத்தணும் போல. அவரே எழுதின சீட்டை என்கிட்ட நீட்டி, 'இதுல என்ன இருக்குன்னு படிப்பா'ங்கறாரு. ஒரு மாசமா இப்படித்தான்."

அவரே எழுதினது. அவரே.

பையை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஏப்ரல் 10, வெள்ளி

பேக்கரிக்குப் போகவில்லை. காலையில் அவர் எழுந்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பாலம் கட்டியவரின் புத்தகத்தைத் திறந்து, "ஒரு வார்த்தை படிங்க. ஒண்ணே ஒண்ணு" என்றேன்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"எழுத்து தெரியுது. கறுப்பா, வரிசையா, எல்லாம் இருக்கு. என்னன்னுதான் தெரியலை" என்றார். அந்தத் தலைவலி வந்த நாளிலிருந்தாம். எழுதினால் கை தானாக எழுதுகிறதாம். எழுதி முடித்துப் பார்த்தால் யாரோ எழுதினது மாதிரி இருக்கிறதாம்.

"ஏங்க என்கிட்ட சொல்லலை?"

"நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கறதே இந்தப் புத்தகம்தான். அதுவும் போச்சுன்னா உனக்கு நான் எதுக்கு?"

அட மடையா என்று வாய்வரை வந்தது. அழுகைதான் வந்தது. பயமாத்தான் இருக்குன்னு அன்னைக்குச் சொன்னாரே — நிஜத்தைத்தான் சொல்லியிருக்காரு மனுஷன். நான் பாவி, மேலுறை மாத்தி வச்சு வேடிக்கை பாத்தேன். பதினாறு நாள் முகம் கொடுத்துப் பேசலை. நல்லா இருக்குடி உன் படிப்பு!

ஏப்ரல் 13, திங்கள்

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கத்தில் ரத்தக்குழாய் ஒன்றில் சின்ன அடைப்பு ஏற்பட்டிருக்கிறது. பேச்சு, நினைவு, எழுதுவது எல்லாம் பத்திரம். கண்ணில் விழும் எழுத்து அர்த்தமாக மாறுகிற வழிதான் அடைபட்டிருக்கிறது. வலப்பக்கப் பார்வையும் கொஞ்சம் போயிருக்கிறது. அதனால்தான் கோப்பைகள் உடைந்திருக்கின்றன.

"மெயின் லைன் நல்லாருக்கு, ஒரு வால்வு மட்டும் அடைச்சிருக்கு. அப்படித்தானே டாக்டர்?" என்றார் இவர்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்படியே வச்சுக்கலாம். ஆனா அந்த வால்வு திறக்கும்னு நான் சொல்ல மாட்டேன். சுத்து வழியில ஒரு பைப் போட்டுப் பாக்கலாம். முன்ன மாதிரி வேகம் வராது."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எவ்வளவு மெதுவா இருந்தாலும் சரி" என்றார் என்னிடம்.

மே 6, புதன்

சுற்று வழி என்பது விரல். எழுத்தின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, எழுதுவதுபோல் வளைத்து வளைத்து ஓட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிகிறது. 'க'வுக்கு முதல் நாள் ஒன்றரை நிமிஷம் ஆனது. வேர்த்துவிட்டது அவருக்கு. 'ழ' வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறார்.

நான் வாசித்துக் காட்டட்டுமா என்றேன். நட்சத்திரங்கள் எப்படிச் சாகின்றன என்று ஒரு அறிவியல் நூல் படித்துக்கொண்டிருக்கிறேன். தொட்டாலே ஒட்டிக்கொள்கிற தமிழ், ஒரு சூத்திரம்கூட இல்லாமல் வானத்தையே இறக்கி வைக்கிறார் அதை எழுதிய அம்மாள். இவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"நீ வாசிச்சா உன் குரல்தான் கேக்கும். உன் குரலை நான் தினமும் கேக்கறேன். எழுதினவன் குரல் வேணும் எனக்கு."

கோபப்படவா, பெருமைப்படவா? இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன்.

மே 28, வியாழன்

தெருவில் நின்று ஒரு கடைப் பலகையைக் காற்றில் விரலால் எழுதிப் படித்தார். "சலவை!" என்று கத்தினார். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூன் 21, ஞாயிறு

காலையில் அலமாரி முன்னால் நின்று கவிதைத் தொகுப்பை எடுத்தார். ஏன் கவிதை என்று கேட்டேன். "வார்த்தை கம்மி" என்றார்.

புரட்டி, இருப்பதிலேயே சின்னக் கவிதையைத் தேர்ந்தெடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து விரலை ஓட்ட ஆரம்பித்தார். நான் காய் நறுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். உதவி செய்யக் கூடாது என்பது அவர் உத்தரவு. ஒரு மணி பத்து நிமிஷம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

பூட்டிய வீட்டில்
குழாய் சொட்டுகிறது
யாருக்கோ, மெதுவாக.

என் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் முகத்தில் எரிச்சல்.

"இந்த 'மெதுவாக' எதுக்கு? சொட்டறதுன்னாலே மெதுவாத்தான். இந்த ஒரு வார்த்தைக்கு எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு, தெரியுமா?"

"அதெப்படி? 'யாருக்கோ'ன்னு நிறுத்தினா வெறும் புதிர். 'மெதுவாக'ன்னு வந்தாத்தான் அந்த வீடு காத்துக்கிட்டு இருக்கறது தெரியும்."

"வீடும் காத்துக்கிட்டு இல்லை, ஒண்ணும் இல்லை. வாஷர் தேஞ்சிருக்கு."

முக்கால் மணி நேரம் சண்டை. குரல் உயர்ந்து, மேல்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாப்பாடு ஆறிப்போனது. சாப்பிடும்போதும் அவர் விரல் தட்டின் ஓரத்தில் அந்தச் சொல்லையே எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தத் தொகுப்பை நான் போன மாதம் நாற்பது நிமிஷத்தில் முடித்து, 'அருமை' என்று கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். இப்படி ஒரு கவிதை அதில் இருந்த ஞாபகமே எனக்கு இல்லை.

'மெதுவாக' வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். இவர் கேட்பதாக இல்லை.