என் மனைவியின் இரண்டு நிமிடப் பேச்சு தொடர்பாக

அனுப்புநர்:
லிஃப்ட் பராமரிப்புத் தொழில்நுட்பர்,
இரண்டாம் மாடி, பின்பக்க வீடு,
பேருந்துப் பணிமனைக்கு எதிர்த்தெரு.

பெறுநர்:
உயர்திரு நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
நுகர்வோர் குறைதீர் அலுவலகம்.

பொருள்: ஆங்கிலப் பேச்சுத் தேர்வுப் பயிற்சியில் என் மனைவி பேசிய ஒலிப்பதிவை, அவர் இறந்த பிறகும் பயிற்சி மையம் விளம்பர அழைப்பாக அனுப்பிவருவதை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. சென்ற செவ்வாய்க்கிழமை மாலை 4.10 மணிக்கு என் மாமியார் எனக்கு போன் செய்தார். நான் ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் வேலையாக இருந்தேன். "மாப்பிள்ளை, பொண்ணு போன்ல பேசுறா. இங்கிலீஷ்ல பேசுறா, எனக்கு ஒண்ணும் விளங்கல. நீங்க வந்து என்னன்னு கேளுங்க" என்றார். அவருடைய மகள், அதாவது என் மனைவி, சென்ற மாதம் இறந்துவிட்டார். உடலை வாங்கக் கையெழுத்திட்டவன் நான். அத்தைக்குத் துக்கத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, லிஃப்டை நிறுத்திப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

2. நான் போய் உட்கார்ந்திருக்கும்போதே அந்த அழைப்பு மறுபடியும் வந்தது. பேசியது என் மனைவிதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அத்தை நடுநடுவே, "எங்கடி இருக்க? சாப்பிட்டியா? மெதுவா பேசுடி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குரல் நிற்காமல் பேசி முடித்தது. பிறகு ஒரு ஆண் குரல் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். இந்த மாணவி எங்கள் மையத்தில் படித்து, பேச்சுத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்று, இன்று வெளிநாட்டு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறார், நீங்களும் சேரலாம் என்றது.

3. என் மனைவி அந்தத் தேர்வை எழுதவே இல்லை. தேர்வுக்கு நாள் குறித்து வந்திருந்தது. அதற்கு முன்பே ஒருநாள், பணி முடிந்து உடை மாற்றும் அறையில் விழுந்துவிட்டார். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். அவர் வேலை பார்த்தது இதே ஊர் மருத்துவமனையில். வேறு நாடு எதையும் அவர் பார்த்ததில்லை.

4. பதிவைத் தாங்கள் கேட்க நேர்ந்தால் குழப்பம் வரும். ஆகவே முன்பே சொல்லிவிடுகிறேன். அதில் என் மனைவி, தன் கணவர் இறந்துவிட்டதாகச் சொல்கிறார். அந்தக் கணவன் நான்.

5. இதற்குக் காரணம் அந்த மையத்தின் பயிற்சி முறை. தேர்வில் ஒரு அட்டை கொடுப்பார்கள். அதில் உள்ள தலைப்பைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் தடுமாறாமல் பேச வேண்டும். மையத்தில் பேச்சுப் பயிற்சி தருபவரை மாணவர்கள் சென்டிமென்ட் சார் என்று கூப்பிடுகிறார்கள். "எக்ஸாமினர் போலீஸ் இல்ல, உண்மையைக் கேக்க மாட்டார். வீட்ல யாரையாவது சாகடிச்சுடுங்க, வார்த்தை தானா வரும்" என்பது அவருடைய பாடம். வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பா இல்லை. எல்லா அப்பாக்களும் கட்டணம் செலுத்த வரிசையில் நின்றவர்கள்தான்.

6. என் மனைவிக்கு வந்த தலைப்பு, வாழ்க்கையை மாற்றிய ஒருவரைப் பற்றியது. "அம்மாவைச் சொல்ல நாக்கு வரல. அண்ணன் தம்பி கிடையாது. அதான் உன்னையே போட்டுட்டேன்ப்பா, கோச்சுக்காத" என்றார். வீட்டில் நான்தான் தேர்வாளர். மேசைக்கு எதிர்ப்பக்கம் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். லிஃப்ட் கம்பி அறுந்து நான் விழுந்து சாவதாகச் சொன்னார். லிஃப்ட் அப்படி விழாது, ஒரு கம்பி போனாலும் மற்றவை தாங்கும், எல்லாம் போனாலும் அடியில் இருக்கும் பிடிப்பான் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் என்று நான் ஆட்சேபித்தேன். "எக்ஸாமினர் என்ன லிஃப்ட் மெக்கானிக்கா? நீ பேசாம சாவு" என்றார். அந்த இடம் வந்தால் சிரித்துவிடுவார். வீட்டில் ஒருமுறைகூட இரண்டு நிமிடம் முழுதாகப் பேசியதில்லை.

7. மையத்தின் பதிவில் அவர் சிரிக்கவில்லை. முழுவதும் பேசியிருக்கிறார். கடைசியில், "அவர் இறந்த அன்று காலை இருவரும் என்ன பேசிக்கொண்டோம் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை" என்று ஒரு வாக்கியம் சொல்கிறார். வீட்டில் பழகியபோது அந்த வாக்கியம் கிடையாது. அது என்னுடைய இப்போதைய நிலைமை. அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

8. மறுநாள் மையத்துக்கு நேரில் சென்றேன். இறந்துவிட்டார் என்று சொன்னதும் சென்டிமென்ட் சார், "எக்ஸாம் எழுதிட்டாங்களா சார்?" என்று கேட்டார். நான் அவருடைய கணவர் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க... உங்களுக்குத்தானே சார் லிஃப்ட்ல... அப்போ அது கதையா? அய்யோ, நான் நம்பி அழுதுட்டேன் சார்" என்றார். பதிவை நிறுத்தச் சொன்னேன். "எங்க ரூம்ல, எங்க மைக்ல எடுத்தது சார். இந்த ஃபீல் வேற யாருக்கும் வரல" என்று கையை விரித்துவிட்டார். உயிரோடிருக்கும் என்னிடம் அவர் துக்கம் விசாரிக்கவில்லை.

9. செவ்வாய்க்கிழமை அழைப்பு முடிந்ததும், "என்ன சொல்றா மாப்பிள்ளை?" என்று அத்தை கேட்டார். "நல்லா இருக்கேன்னு சொல்றா அத்தை" என்று சொல்லிவிட்டேன். அது முதல் அவர் மத்தியானத்திலிருந்தே போனைச் சார்ஜில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வெளிநாட்டில் நல்ல வேலையாமே என்று எதிர்வீட்டுக்காரர்கள் அவரிடம் விசாரித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே அழைப்பு வந்திருக்கிறது.

10. ஆகவே அய்யா அவர்கள் தயவுகூர்ந்து,

அ) இந்த விளம்பர அழைப்பை உடனே நிறுத்தவும், எழுதாத தேர்வில் அவர் வென்றதாகச் சொல்வதற்கு மையத்தின்மீது நடவடிக்கை எடுக்கவும்,

ஆ) அதற்கு முன்பாக, என் மனைவி பேசிய எல்லாப் பயிற்சிப் பதிவுகளின் நகலையும் மையத்திடமிருந்து பெற்று எனக்குத் தரவும் கேட்டுக்கொள்கிறேன். பிடித்த அறை, மழையில் மாட்டிக்கொண்ட நாள், வாங்க நினைத்து வாங்காத பொருள் என்று வேறு அட்டைகளுக்கும் அவர் பேசியிருப்பதாக வரவேற்பில் இருந்த பெண் சொன்னார். நான் கேட்டிருப்பது ஒன்றுதான். மற்றவற்றில் நான் உயிரோடு இருக்கக்கூடும். முதலில் அழிக்கச் சொல்லிவிட்டால் அவையும் போய்விடும். வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

11. நேற்றிலிருந்து எனக்கும் அந்த அழைப்பு வருகிறது. வராமலிருக்க வேண்டுமானால் பேச்சு முடிந்ததும் ஒன்பதை அழுத்தினால் போதும், எண்ணை எடுத்துவிடுவோம் என்று மையத்தில் சொன்னார்கள். பொத்தான்களை அழுத்திச் சோதிப்பதுதான் என் தொழில். இதை மட்டும் என்னால் அழுத்த முடியவில்லை.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,

(கையொப்பம்)
மனுதாரர், மறைந்த செவிலியரின் கணவர்

இடம்: வீடு
நாள்: வெள்ளிக்கிழமை

குறிப்பு: பதிலை மேற்கண்ட முகவரிக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டுகிறேன். கைபேசியை அணைத்து வைத்துவிட்டேன்.