பாறைச்சரிவில் இழுத்த வேட்டி

வேலியில் காய்ந்த வேட்டியை இன்று காலை எடுத்து உதறினேன். அதன் கரையோரம் ஓர் உண்ணிக்குஞ்சு, கசகசா அளவுதான். முன்கால்களை நீட்டிக் காத்திருந்தது. உன் மாடுகள் வத்தல்மலைக் காட்டை விட்டுப் போய் ஆறு வருஷம். நீ செத்துப்போய் இரண்டு வருஷம். உண்ணி போகவில்லை.

மாடுகள் போன அந்த வருஷம் மாசியில் சுள்ளி பொறுக்கப் போன பெண்கள் உடம்பெல்லாம் உண்ணிக்கடியோடு திரும்பினார்கள். உன் மாடுகள்தான் காட்டில் உண்ணியைப் பரப்புகின்றன என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னவன் நான். பள்ளிக்கூடம் போகாமல் நூலகத்தில் தானாகப் படித்தவன். என்னை யாரும் மறுத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. மாட்டுத்தடத்தில் வெள்ளை வேட்டியைத் தரையோடு இழுத்து, ஒட்டிய உண்ணிகளை எல்லோருக்கும் காட்டினேன்.

என் தங்கையைக் கட்டியவன் நீ. சிரித்துக்கொண்டே எழுந்தாய்.

"மாட்டு மேல இருக்கறது உங் கண்ணுக்குத் தெரியுது மச்சான். குஞ்சுல அது முயலு மேல, காட்டுக்கோழி மேல ஏறிக் குடிக்கும். கீழ வுழுந்து சருகுல கெடந்து தோலு உரிக்கும். அப்பறந்தான் மாட்டத் தேடும். எம் மாடு ஏறாத பாறைச்சரிவுல இழுத்துப் பாரு. அங்க இல்லீன்னா மாட்ட நானே எறக்கிடறேன்."

மறுநாள் தனியாக ஏறினேன். பத்தடி இழுப்பதற்குள் உண்ணிக்குஞ்சுகள் ஒட்டி வேட்டி பொடி தூவியதுபோல் கருத்தது. பன்றி படுத்த பள்ளத்தில் இன்னும் அதிகம். ஓடையில் அலசிக் கசக்கி எடுத்துவந்து, கூட்டத்தில் விரித்தேன்.

"ஒண்ணுகூட இல்லைங்க."

நீ என் இடுப்பைப் பார்த்தாய். நான் சொறிந்துகொண்டிருந்தேன்.

"ரொம்ப அரிக்குதா மச்சான்? வூட்டுக்குப் போயி வேப்பெண்ண தடவு."

அவ்வளவுதான் சொன்னாய். மறுவாரம் மாடுகளை விற்று அரூர் வியாபாரியின் லாரியில் ஏற்றுமுன், ஒவ்வொரு மாட்டின் காதுக்குள்ளும் விரல் விட்டு உண்ணி பார்த்து எடுத்தாய். அதற்குப் பிறகு நீ மலைப்பக்கம் போகவே இல்லை.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டாய்? கூட்டத்தில் என் இடுப்பைக் காட்டச் சொல்லியிருந்தால் அன்றோடு என் மானம் போயிருக்கும். நீ காப்பாற்றியதால் தினமும் போகிறது.

தங்கை நேற்றுகூட, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்ணா" என்றாள். வேறெதற்கோ சொன்னாள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

இடுப்பில் அன்று கடித்த ஓரிடம் இன்னும் முடிச்சாக இருக்கிறது. மழைக்கு முன்னால் அரிக்கும். வேப்பெண்ணெய் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இதுவரை தொடவில்லை.