ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்ட ஆல்பம்

செங்கல்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஜோஷ்வாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நல்ல சுகம், மெல்பர்ன் குளிரில் நீயும் உன் கூட்டாளிகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் பாதியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பொத்தேரியில் நம் மெஸ் நன்றாக ஓடுகிறது, காலேஜ் திறந்ததிலிருந்து மதியத்தில் நிற்க இடமில்லை, முழங்கால் வலிதான் என்னை விடுவதாயில்லை. உங்கள் பேண்டின் நாலாவது ஆல்பம் வந்த அன்றைக்கே பையன்கள் மெஸ்ஸில் போட்டுவிட்டார்கள். உன் பழைய பாட்டுக்கெல்லாம் தட்டித் தட்டியே என் மேஜைக் காலை ஆட்டம் காண வைத்தானே முபஷ்ஷிர், அவன் வந்து, இன்னா ஆன்ட்டி, ஜோஷ்வாண்ணா டிரம்ஸ் அடிக்கவே மாட்றாரு, பேண்டுக்கு வயசாயிடுச்சா என்று கேட்டான். வயசானால் நல்லதுதானே, உனக்கு எப்போது ஆகும் என்று கேட்டுவிட்டு சாம்பாரை ஊற்றினேன். ஆனால் நீயும் அதையே சொல்வதாக உன் தங்கை ஜாய்ஸ் சொன்னபோது மனசு சரியில்லை. பாதிப் பாட்டில் டிரம்ஸே வேண்டாம் என்கிறார்கள், சும்மா உட்காருவதற்கு நான் எதற்கு, இந்த டூரோடு விலகிவிடுகிறேன் என்றாயாமே.

போன வாரம் அப்பாவும் நானும் நெம்மேலிக்கு ஜாய்ஸ் வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பிட்டதும் அவள் உன் ஆல்பத்தைப் போட்டாள். குவாரி வெடியில் போன காது அப்பாவுக்கு, மிஷின் மாட்டினாலும் எல்லாச் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து இரைச்சலாகத்தான் விழும், உனக்கே தெரியும். இரண்டாவது பாட்டில் ஃபேனை நிறுத்தச் சொன்னார். கடல் சத்தம் வருகிறது என்று ஜன்னலையும் சாத்தச் சொன்னார். அந்தப் புழுக்கத்தில் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தோம். கடைசிப் பாட்டை மட்டும் மறுபடி போடச் சொல்லி, உன் அடி ஒவ்வொன்றும் விழ விழ, விரலை நீட்டி இதோ, இதோ என்று காட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் அப்படியே நின்றது. இங்க அடிக்காம குந்தினுகீறான் பாரு, இப்ப வருவான் என்றார். அவர் சொன்ன இடத்தில் நீ வந்தாய். அப்புறம் என்னிடம், மூணு ஆல்பத்துக்கும் சும்மா தலையாட்டினேன் ஜெசி, கடகடன்னு இன்னாவோ ஓடும், நம்ம பையன் அடிக்கிறது எதுன்னே தெரியாது, இத்தத்தான் கேட்டேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

உன் வேலை, உன் முடிவு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். சின்ன வயசிலிருந்து சும்மா உட்காருவது மட்டும் உனக்கு வராத வித்தை, இப்போது அதுவும் வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆண்டவர் உன் கைகளைக் காத்து, உங்கள் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, அடிக்கும்போது காதில் பஞ்சாவது வைத்துக்கொள். ஒன்று மட்டும் மறக்காதே, விலகுவதாக இருந்தால் அதை அப்பாவிடம் சொல்லச் சொல்லி என்னை அனுப்பாதே. நீயே வீடியோவில் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா ஜெசிந்தா