ஒரே சுரத்தைக் கத்தும் பெட்டிகள்

அண்ணா,

மத்தியானத்திலிருந்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்தது. சரஸ்வதி சிலையை ஆற்றில் கரைக்கும் விசர்ஜனத்துக்காக நம் காளிகாட் சந்து முனையில் லாரி நின்றது. அதன் மேல் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். ஜெனரேட்டரின் டீசல் புகை சமையலறை வரை வந்துவிட்டது. என்ன பாட்டு என்றே தெரியவில்லை. 'தம், தம்' என்று அடிவயிற்றில் குத்தியது, அவ்வளவுதான்.

கிடர்பூர் துறைமுக ஆபீசில் இருக்கும்போதே உன் காது போக ஆரம்பித்தது. முதலில் குருவிச் சத்தம், பிறகு காலிங் பெல், அப்புறம் என் குரல். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றாய். கனத்த, தாழ்ந்த ஒலிகள் மட்டும் உடம்பு வழியாக உன்னை எட்டின. அதற்காகத்தான் அந்த சப்-ஊஃபர் ஸ்பீக்கரை நீயே செய்தாய். கரியாஹாட்டில் ப்ளைவுட் அறுத்து வாங்கி வந்து, ஓட்டையே இல்லாமல் மூடிய பெட்டி. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் இரண்டு பாதங்களையும் வைத்து மிருதங்கம் கேட்பாய். வாசிப்பவரின் இடது கை தோலை அழுத்தித் தேய்க்கும்போது ஒலி வளைந்து மேலேறுமே, அது உன் உள்ளங்காலில் ஏறும். "இதோ, வழுக்கிண்டு போறது பாரு" என்று என் காலையும் இழுத்து வைப்பாய். எனக்கும் தெரிந்தது.

நீ கண்மூடுவதற்கு முந்தைய வருஷமும் இந்த லாரி வந்தது. நீ இறங்கிப் போய்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாய். எந்தச் சுரம் வந்தாலும் இது ஒன்றையேதான் கத்துகிறது என்று பூஜை நடத்தும் கிளப்பின் செயலாளரிடம் வங்காள மொழியில் சொன்னாய். நெஞ்சு படபடக்கிறது, கொஞ்சம் குறையுங்கள் என்றும் கேட்டாய். அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, நம்மை அண்ணன், அக்கா என்று முறை வைத்து, "தாதாவுக்குத்தான் காதே கேக்காதே திதி, அவருக்கு என்ன கஷ்டம்?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ அந்த உதடுகளைப் படித்துவிட்டாய். மாடியேறி வந்து, வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாய்.

இன்று அதே மனிதர் பான் மணக்கப் படியேறி வந்தார். உன் நினைவாக நம் வாசலில் லாரியை நிறுத்தி ஒரு பாட்டுப் போடப்போகிறார்களாம். தாதாவுக்கு பேஸ் என்றால், அந்தக் கனத்த ஒலி என்றால், உயிராயிற்றே என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. சோற்றில் புழுவைப் பார்த்தாற்போல் உடம்பு கூசியது.

"வேண்டாம். இதைத் தாங்காமல்தான் அவர் வாந்தி எடுத்தார்."

"வருஷத்துல ஒரு நாள்தானே திதி. பழகிடும்."

அவர் கீழே போனதும் சத்தம் கூடியது. நான் புடவையைக்கூட மாற்றாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன். என் பெயரிலேயே புகார் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது லாரி இல்லை. போலீஸ் சொல்லிப் போனதா, நேரமாகிவிட்டதென்று போனதா, தெரியாது. மன்னி முறையாக நாம் பௌதி என்று கூப்பிடும் கீழ்வீட்டுக்காரி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொள்ளட்டும்.

உன் காது போனபோதும் டாக்டர் முதல் அத்தனை பேரும் பழகிவிடும் என்றுதான் சொன்னார்கள். "எல்லாத்துக்கும் பழகிக்கணுமா என்ன?" என்று நீ ஒரு தடவை என்னிடம் கேட்டாய். அந்தச் சத்தத்துக்கு நான் பழகவில்லை அண்ணா. அது அடங்கியபின் நீ இல்லாமல் கிடக்கிறதே இந்த வீடு, இதற்கும்தான்.