நீ பார்க்க வேண்டுமா

வடக்கனந்தல்
செப்டம்பர் 1987

அன்பு மருமகளே,

என் மகனைக் குவைத்திலேயே அடக்கம் செய்ய நான் கையெழுத்துப் போட்டுவிட்டதாகக் உன் பிறந்த ஊர் கச்சிராயபாளையத்தில் பேசிக்கொள்கிறார்களாம். போடவில்லை. தூதரகம் கேட்பது மனைவியின் சம்மதத்தை. "மருமக பேர்ல நீங்களே போட்டுடுங்கம்மா, யாரு பாக்கப் போறாங்க?" என்றார் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. "அவளுக்கு எழுதத் தெரியும்" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

"வயித்துப்பிள்ளக்காரி பொணத்தப் பாக்கக் கூடாது, அது வரவே வேணாம்" என்கிறாராம் உன் அப்பா. முறைகளை நானும் மதிப்பவள்தான். ஆனால் முகத்தைப் பார்க்காமல் விட்டால் காலமெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாய். பார்க்க விரும்பினால் சொல். குறுக்கே நிற்பவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். வேண்டாம் என்றாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

என் விருப்பத்தை மட்டும் கேட்காதே. சொன்னால் அதையே எழுதிவிடுவாய்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் இல்லை. நம் பண்ணையாள் பாவாடை வரப்பு வழியாக நடந்தே வருகிறான். முதலில் அவனுக்குச் சாப்பாடு போடு. பிறகு, உடல் வர வேண்டுமா வேண்டாமா என்று உன் கையாலேயே எழுதி அவனிடம் கொடுத்தனுப்பு.

உன் மாமியார்